ஸ்லோ நிற்கவில்லை

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் அலறுகிறது.
கை சும்மா இருக்க
வண்டி மட்டும் ஏற்றம் ஏறுகிற சத்தம்.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறது,
பொன்மனை வளைவில்,
காலை ஒன்பதே முக்காலுக்கு,
இருபுறமும் ஒவ்வொரு கேன் பால் தொங்க.

பசும்பால் இல்லை. ரப்பர் பால்.
பதினொன்றுக்குள் ஷீட்டுப் பெரையில் ஊற்றாவிட்டால்
கேனுக்குள்ளேயே கட்டியாகிக்
கேனின் உருவத்தில் வெளியே வரும்.
அமோனியாக் குப்பியை மறந்தது இன்றைக்குத்தான்.

மூன்று வாரமாக இதே பாடு.
ஆர்எக்ஸ் நூறு, எண்பத்தொன்பது மாடல்,
கருங்கல்காரன் ஒருவன்
பஹ்ரைனுக்குப் போகிற அவசரத்தில் விற்றது.
மார்த்தாண்டத்தில் டென்னிசன் கார்புரேட்டரைப் பிரித்து,
ஸ்லோ ஜெட்டில் ஒற்றைக் கம்பியிழை விட்டு, ஊதி,
வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினான்.
"பாரும் வே, வெளிச்சம் தெரியுதா?"
தெரிந்தது.
ஸ்லோதான் நிற்கவில்லை.

காற்று ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று,
இரண்டு, இரண்டேகால்,
திரும்பவும் ஒன்றரை.
மிதவையில் ஓட்டை இல்லை, ஊசி தேயவில்லை.
பிளக்கு மட்டும்
சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுத்திருந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
பார்த்துவிட்டு அவன் முந்நூற்றைம்பது கேட்டான்,
நான் கொடுத்தேன்.

அன்றிரவு புஷ்பலீலா
சாளை கழுவிக்கொண்டே கேட்டாள்:
"சோக்கு இழுத்தா மட்டும் எதுக்கு சமாதானமா நிக்கு?"
எனக்கென்ன தெரியும்.
"ஒண்ணு பெட்ரோலு கொறவு,
இல்லேன்னா காத்து கூடுதலு.
ஜெட்டு சுத்தம்னு அவன் காட்டியாச்சுல்லா?
அப்ப காத்துதான்.
எங்கேயோ களவாணி வாசல் ஒண்ணு கெடக்கு."
ஸ்கூட்டி ஓட்டுகிறவள் சொல்கிறாள் என்று
நான் சாளையைப் பற்றிப் பேசினேன்.

இப்போது பொன்மனை வளைவில்
அந்த வாசலைத் தேடுகிறேன்.
சோக்கை இழுத்து உதைத்தேன். நின்றது.
சோப்புத் தண்ணீர் இல்லை, ஆயில் இல்லை,
இருப்பதெல்லாம் முப்பது லிட்டர் பால்.
விரலை முக்கிக்
கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற
கறுப்பு ரப்பர் குழாயில் சுற்றிலும் தடவினேன்.
மேலே ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒன்றுமில்லை.
கீழே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்,
பால் சட்டென்று உள்ளே போனது.
சத்தம் ஒரு படி இறங்கியது.

இன்னொரு விரல்.
இன்னொரு படி.

தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்தேன்:
சாய்வாக ஒரு வெடிப்பு,
மேலிடமிருந்து கீழ்வலம்,
தினமும் முந்நூறு மரத்தில் நான் போடுகிற வெட்டின்
அதே சரிவு.
மரத்தில் பால் வெளியே வரும்.
இங்கே உள்ளே போகிறது.

எதிரே வந்த பள்ளி வேனிலிருந்து
ஒரு பயல் கத்தினான்:
"மாமா, வண்டிக்குப் பாலு குடுக்காரு!"

பத்தே முக்காலுக்குப் பெரை போய்ச் சேர்ந்தேன்.
பால் கெடவில்லை.
ஸ்லோ இரண்டு நாள் நின்றது.
மூன்றாம் நாள் பழைய அலறல்.
விரலால் தொட்டால்
என் ஒட்டு, பழுத்த அயனிச் சுளைபோல் வழுக்குகிறது.

டென்னிசன் சிரித்த சிரிப்பு
பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.
"ஒம்ம பாலு பெட்ரோலுக்கு நிக்காது வே,
ஊறிப் போவும்.
இது வேற ரப்பர். மரத்துல வாறதில்ல."
புதுக் குழாயை மேசையில் போட்டான்.
இருநூற்றுப் பத்து.
அன்றைக்கு ஒரு கிலோ ஷீட்டுக்கு
எனக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு.
கையில் தூக்கிப் பார்த்தேன்,
ஒரு கோழிமுட்டை கனம் இருக்கும்.

மாட்டினோம். ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று.
பிளக்கு இப்போது பிஸ்கட் நிறம்.
குலசேகரம் சந்தியில்
பஸ் திரும்புகிறவரைக்கும் நியூட்ரலில் நிற்கிறேன்,
இரண்டு கையும் தொடைமேல்.
வண்டி தன்பாட்டில் முணுமுணுக்கிறது.

புஷ்பலீலாவிடம்,
"குழாயில ஓட்ட" என்று மட்டும் சொன்னேன்.
"ம்" என்றாள்.
அந்த "ம்" இன்னும் வீட்டுக்குள் சுற்றுகிறது.

பழைய குழாயை எறியவில்லை.
என் பால் அதன்மேல் பிசுபிசுத்திருந்தது.
ஒட்டுப்பால் சாக்கில்
நடுவாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.
கடைக்காரர் எடை போட்டார்.
பிரித்துப் பார்க்கவில்லை.